பஞ்சர் ஆன இடத்தில் தெரிந்துவிடும்

கேள்வி இதுதான்: "கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக 9 கிலோமீட்டர், வர 9. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு ஒன்றோடு சேர்ந்து ஓட்டலாம் என்று போனேன். அங்கே ஒருவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'சீரியஸா ஓட்டணும்னா முதல்ல வண்டிய மாத்துங்க' என்றார். வண்டியை வைத்தா ஒருவர் சீரியஸ் சைக்கிளிஸ்ட் ஆகிறார்? இன்னொன்று, கொஞ்ச நாளாக இடது பெடலை மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்கிறது. அது என்ன?"

பெடல் சங்கதியைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் சித்தப்பாவின் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். 80-களில் மணிக்கு ஒரு ரூபாய். 14 வண்டிகள், அவற்றில் 3 அரை சைக்கிள். மட்கார்டில் வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். பள்ளி விடுமுறைகளில் நோட்டில் நேரம் எழுதுவது என் வேலை. எந்த வண்டியை யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் அவர்தான் முடிவு செய்வார். வருகிற பையன் ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்னால் பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறானா, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருக்கிறதா என்று குனிகிறானா, பிரேக்கை ஒரு பிடி பிடிக்கிறானா என்று கடைக்குள்ளிருந்தே கவனிப்பார். அப்படிப் பார்க்கிற பையனுக்குப் புதிதாக ஓவராயில் செய்த 7-ஆம் நம்பர். வந்ததும் தாவி ஏறுகிறவனுக்கு 11-ஆம் நம்பர். அதற்கு மேட்டில் செயின் கழலும். "அவனுக்கு நல்ல வண்டியக் குடுத்தாலும் தள்ளிக்கிட்டுத்தான் வருவான்" என்பார். அவர் அடிக்கடி சொன்னது: "போறவனப் பாக்காத, வர்றவனப் பாரு."

நாற்பது வருடம் சைக்கிள் ஓட்டிய பிறகும் இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. கிளம்புவது யாராலும் முடியும். போய்ச் சேர்ந்து திரும்புவது முழுக்க என் பாடு. வண்டி, உடம்பு, காற்று, இருட்டு, ரோட்டில் போகிற மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் நானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்து ஓட்டுகிறவர் எவரோ அவர் சீரியஸ். அவர் தொடையில் ஒட்டுகிற கால்சட்டை போட்டிருந்தாலும் சரி, கைலியை மடித்துக் கட்டியிருந்தாலும் சரி.

வண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் எடை 65 கிலோ, கறுப்பு வண்டி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85. அவருடைய வண்டி 8 கிலோ. அதில் நீங்கள் ஏறினால் 73. ஏற்றத்தில் ஒரே வேகத்தில் ஏற, உங்கள் வண்டிக்கு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் உழைப்பு வேண்டும். இது சின்ன வித்தியாசம் இல்லை. மலையில் உங்களுக்கு மூச்சு வாங்கும்போது அவர் பேசிக்கொண்டே போவார். ஆனால் அதே நண்பர் 10 கிலோ வண்டியை விற்றுவிட்டு 8 கிலோ வண்டி வாங்கியிருந்தால், அதில் அவருக்குக் கிடைத்தது 3 சதவீதம்கூட இருக்காது. இரண்டு கிலோ குறைக்க ஒரு லட்சம் செலவழிப்பவர்கள் காலையில் இரண்டு தோசையைக் குறைக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

சமதளத்தில் எடை பெரிய சங்கதி இல்லை. அங்கே எதிரி காற்றுதான். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 25-க்குப் போக வேகத்தில் கால் பங்குதான் கூட்டுகிறீர்கள். காற்றுக்குக் கொடுக்க வேண்டியதோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கறுப்பு வண்டி 18, 20-க்கு மேல் போக முரண்டு பிடிக்கிறது. அது அப்படி ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ்களில் பலவற்றில் ஒரு மூட்டை நெல்லும் அதை ஏற்றிய ஆளும் போயிருக்கிறார்கள். அதை வைத்து நண்பரின் வண்டியை முந்தப் பார்ப்பது மாட்டு வண்டியை ரேஸுக்கு விடுவது போல. வண்டி அதன் வேலையைத்தான் செய்கிறது. ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் என்பதுதானே கேள்வி.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற ஆள் ஒருவர் உண்டு: யூஜீன் கிறிஸ்தோஃப், பிரெஞ்சுக்காரர். 1913-ஆம் வருட டூர் டி பிரான்ஸ், பிரான்சைச் சுற்றி வாரக்கணக்கில் நடக்கும் சைக்கிள் பந்தயம். அந்தக் காலத்து டூரில் வண்டி உடைந்தால் வேறு வண்டி கிடையாது, யாரும் கை கொடுக்கக் கூடாது, உன் வண்டியை நீயேதான் சரி செய்துகொள்ள வேண்டும். கியர் மாற்றும் கருவியும் கிடையாது. 1937 வரை டூரில் அதை அனுமதிக்கவில்லை. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். பைரனீஸ் மலையில் டூர்மலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது, முன்னணியில் இருந்த கிறிஸ்தோஃபின் வண்டியில் ஃபோர்க் முறிந்தது. முன் சக்கரத்தைத் தாங்குகிற கவைதான் ஃபோர்க். அது போனால் பஞ்சர் மாதிரி ஒட்டிக்கொண்டு போக முடியாது.

வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து இறங்கினார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சாந்த்-மரி-த-காம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லுப்பட்டறை கிடைத்தது. கொல்லர் கை வைக்கக் கூடாது, சொல்லலாம், அவ்வளவுதான். போட்டி அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைப் பற்றவைத்தார். மணிக்கணக்கில் ஆனது. ஒரு கையில் இரும்பு, இன்னொரு கையில் சுத்தியல். துருத்திக்கு மூன்றாவது கை வேண்டுமே. ஒரு சிறுவன் துருத்தியை அழுத்திக் கொடுத்தான். அதற்கு அபராதம் 10 நிமிடம்! பிறகு அதைக் குறைத்தார்கள் என்றாலும், மணிக்கணக்கில் பிந்திப் போனவருக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அந்த டூரில் அவர் ஏழாவதாக முடித்தார். டூரில் முதலிடத்தில் இருப்பவர் போடுகிற மஞ்சள் பனியனை 1919-இல் முதன்முதலில் அணிந்தவரும் அவர்தான். அந்த வருடமும், முதலிடத்தில் இருந்தபோதே, மறுபடி ஃபோர்க் உடைந்தது. மூன்றாவதாக வந்தார். ஆக, ஒருமுறைகூட அவர் டூரை ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர்கள் பலருடைய பெயர் எனக்கு மறந்துவிட்டது, இவர் பெயர் மறக்கவில்லை.

வீரர்களை இப்படி வதைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த விதி முட்டாள்தனமானது, அதைப் பின்னால் மாற்றியதும் நல்லது. ஆனால் அந்த மனப்பான்மை இன்றைக்கும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. பிரவே என்று நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் ஒன்று நடத்துகிறார்கள், நம் சென்னையிலும் கோவையிலும்கூட. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27 மணியில், 600-ஐ 40 மணியில். ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனியர் என்ற பட்டம். இதற்கெல்லாம் தாய் என்று பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸைச் சொல்லலாம்: 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது, இப்போது பந்தயம் இல்லை, 4 வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நின்று சாப்பிடும் நேரம், தூங்கும் நேரம், பஞ்சர் ஒட்டும் நேரம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வரிசை கிடையாது. வண்டி என்ன கம்பெனி, எத்தனை கியர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது விளக்கு, இரவில் மின்னும் பட்டை போன்ற பாதுகாப்புச் சாமான்களைத்தான். வழியில் எது நடந்தாலும் உன் பாடு.

என் முதல் 300-இல் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். அப்போது என்னிடம் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டி இருந்தது. திண்டிவனம் தாண்டி, இரவு இரண்டு மணி வாக்கில் பின் சக்கரம் தரை தட்டியது. கையில் இரண்டு புது டியூப். கழற்றினேன், மாற்றினேன், காற்றடித்தேன், எட்டே நிமிடம். எனக்கே பெருமையாக இருந்தது. நான்கு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி தரை தட்டியது. இரண்டாவது டியூபையும் போட்டேன். அதுவும் போனது. அப்போதுதான் சித்தப்பா முகம் கண் முன்னால் வந்தது. டியூபை மாற்றுவதற்கு முன் டயருக்குள் துணியை விட்டு ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். விரலை விட்டால் விரல் கிழியும். துணியானால் எதில் மாட்டுகிறதோ அங்கே சிக்கி நிற்கும். கடையில் நூறு தடவையாவது செய்திருப்பேன். துடைத்தேன். சிக்கியது. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள்ளிருக்கும் எஃகு இழைகள் ரோடு முழுக்கக் கொட்டிக்கிடக்கும். அதில் ஒன்று, தலைமுடி கனம், அரை சென்டிமீட்டர் நீளம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று டியூபையும் குத்தியது அது ஒன்றுதான்.

சரி, ஒட்டுப் போடலாம் என்று பையைத் திறந்தால் சொல்யூஷன் டியூப் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. ஒரு வருடத்துக்கு முன் ஒருமுறை திறந்தது. ஒருமுறை மூடியைத் துளைத்துவிட்டால் சில மாதங்களில் உள்ளே காய்ந்துவிடும் என்பது சைக்கிள் கடையில் வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். கிளம்புமுன் அமுக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தள்ளிக்கொண்டு நடந்தேன், 11-ஆம் நம்பர் வண்டி வாங்கிய பையனைப் போல. மூன்றரை மணிக்கு ஒரு லாரி பஞ்சர் கடை வந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்திருக்காமலே சொல்யூஷன் டப்பா இருக்கும் இடத்தைக் கை காட்டினார். 19 மணி 35 நிமிடத்தில் முடித்தேன். அட்டையில் முத்திரை விழுந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் சீரியஸாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஒருவர் எப்படிப்பட்ட சைக்கிளிஸ்ட் என்று தெரிய வேண்டுமானால் அவர் ஓடும்போது பார்க்காதீர்கள், நின்றுபோன இடத்தில் பாருங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இங்கிலாந்தில் பில்லி ஃபிளெமிங் என்று ஒரு பெண், அப்போது வயது இருபதுகளில், 1938-ஆம் வருடத்தில் ஒரு நாள் விடாமல் சைக்கிள் ஓட்டினார். ஜனவரி 1-இல் தொடங்கி டிசம்பர் 31 வரை. ரட்ஜ்-விட்வொர்த் என்ற கம்பெனி வண்டி, மூன்றே கியர். சின்னப் பை ஒன்றில் மாற்றுத்துணியும் கருவிகளும். அந்த நாட்டுக் குளிர்காலம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பனி, மழை, மாலை நான்கு மணிக்கே இருட்டு. மொத்தம் 29,603 மைல், அதாவது 47,600 கிலோமீட்டருக்கு மேல். சராசரியாக நாளைக்கு 130. அந்தத் தூரத்தை இன்னொரு பெண் தாண்ட 2016 ஆனது. அடுத்த வருடமே, 1939-இல், டாமி காட்வின் என்ற ஆள் ஒரே வருடத்தில் 75,065 மைல் ஓட்டினார், நாளைக்குச் சுமார் 330 கிலோமீட்டர். நான்கு கியர், இன்றைய பந்தய வண்டிகளைப் போல் இரண்டு மடங்கு எடை. செப்டம்பரில் போர் வெடித்து, இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய கட்டாயம் வேறு. 2016 வரை அதையும் யாரும் முறியடிக்கவில்லை.

காட்வினின் எண்ணைக் கேட்டால் மலைப்பு வருகிறது. ஆனால் என்னை அதிகம் பிடித்துக்கொண்டவர் பில்லிதான். 130 கிலோமீட்டர் என்பது ஒரு நாளைக்கு யார் வேண்டுமானாலும் பழகி ஓட்டிவிடக்கூடிய தூரம். அடுத்த நாளும் ஓட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடுத்த நாளும் ஓட்ட வேண்டும் என்று தெரிந்தவர் இன்றைக்கு முழங்காலை உடைத்துக்கொள்ள மாட்டார். இன்றைக்கே செயினைத் துடைத்து வைப்பார், நனைந்த துணியைக் காயப்போடுவார், பசிக்கும் முன்னால் சாப்பிடுவார். உங்கள் 18 கிலோமீட்டரைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 300 நாள் என்றால் 5,400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரோட்டு வழியாகப் போய்த் திரும்புகிற தூரத்தைவிட அதிகம். ஞாயிறு மட்டும் 60 ஓட்டி, மழை என்றால் குழுவில் 'இன்று ரத்து' என்று போட்டுவிடுகிறவரால் அந்தக் கணக்கை எட்ட முடியாது.

புதுக்கோட்டையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1991, 92-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல்வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். ரோட்டில் கேலி பேசினவர்கள் நிறையப் பேர். லேடீஸ் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியை வாங்கினார்கள். அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்: அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! முன்னால் குழந்தை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ காய்கறி மூட்டையோ. பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அண்ணனோ வீட்டுக்காரரோ வந்து கூட்டிப் போகட்டும் என்று நிற்க வேண்டாம். திரும்பும் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். சேலை செயினில் சிக்காமல் எப்படிச் செருகுவது என்பதிலிருந்து, குழந்தையின் கால் ஸ்போக்ஸில் போகாமல் பார்த்துக்கொள்வதுவரை அவர்கள் ஒவ்வொரு நாளும் போட்ட கணக்கில் பத்தில் ஒன்றை நான் என் 300-இல் போட்டிருந்தால் மூன்று டியூப் போயிருக்காது.

இனி நடைமுறை. பழைய வண்டி என்றாலே புனிதம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், துருப்பிடித்த செயினைக் காட்டி "நம்ம வண்டி எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். அதுவும் ஒரு பந்தாதான். 8 கிலோ வண்டிக்காரர் பணத்தைக் காட்டுகிறார், இவர் அலட்சியத்தைக் காட்டுகிறார். செயினை வாரம் ஒருமுறை பழந்துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெளியில் இருப்பதை மறுபடி துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். வெளியே இருப்பது மண்ணைத்தான் பிடிக்கும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக் கடையில் வண்டிகளிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும்.

சீட்டு உயரத்தைப் பாருங்கள். நம் ஊரில் பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் வலி அங்கிருந்துதான் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக இருக்கும். முதல் இரண்டு நாள் பயமாக இருக்கும், சிக்னலில் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கப் பழக வேண்டும். மூன்றாம் நாள் பழைய உயரத்துக்குத் திரும்ப மாட்டீர்கள்.

சாப்பாடு உங்கள் 9 கிலோமீட்டருக்குத் தேவைப்படாது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் தேவைப்படும். உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை அந்தச் சுமாரில் தீரத் தொடங்கும். தீர்ந்த பிறகு சாப்பிட்டால் உடனே பயன் தெரியாது. கண் மங்கி, கை நடுங்கி, காரணமே இல்லாமல் கூட வருபவர்மேல் கோபம் வரும். அதற்கு முன்னாலேயே வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர், ஏதாவது.

ரோட்டில் ஒரு சோதனை உண்டு, எந்தக் குழுவிலும் யார் தேறியவர் என்று இதில் எனக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி கோட்டிலிருந்து விலகாமல் போகிறதா? பெரும்பாலானவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புகிறார்களோ அந்தப் பக்கம் வண்டியும் போகும். அப்படிப் போனால் பின்னால் பைக் ஓட்டி வருகிறவர் என்ன செய்வார்? நேர்க்கோட்டில் போவது, திரும்புமுன் கை காட்டுவது, இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு, சுருக்கு வழி என்று எதிர்ச்சாரியில் வராமல் இருப்பது, சிக்னலில் நிற்பது. இவற்றுக்கு விலை என்று பார்த்தால் விளக்குக்கு மட்டும்தான், அதுவும் சில நூறு ரூபாய். 4 லட்ச ரூபாய் வண்டியில் வந்து, காலை நடைக்குப் போகும் பெரியவரைப் பார்த்து "ஓரமா போ" என்று கத்துகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவரை சீரியஸ் என்று என் வாயால் சொல்ல மாட்டேன், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனாலும்.

வேகத்துக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. வேகம் ஒரு கலை, அதற்கென்று உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேகூட, 1993-இல் நார்வேயின் ஹமாரில் ஸ்காட்லாந்துக்காரர் கிரீம் ஓப்ரீ ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அவரே கட்டிய வண்டி, அதில் போட்டிருந்த பேரிங் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து எடுத்தது. முந்தின நாள் முயன்று தோற்றுவிட்டு, மறுநாள் காலையே மறுபடி வந்து ஏறினார். ஆறு நாளில் இன்னொருவர் அந்தச் சாதனையைத் தட்டிக்கொண்டு போனார், அது பந்தய உலகத்தின் வழக்கம்.

ஆக, அந்தக் குழுவோடு அடுத்த ஞாயிறும் போங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் புதிதாக வண்டி வாங்கிய சந்தோஷத்தில் பேசுகிறவர்கள். அவர்கள் வேகத்துக்கு இழுபட வேண்டாம். திரும்பும் இடத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உங்கள் நடையில் போங்கள். கையில் 2,000 ரூபாய் இருந்தால் பின் விளக்கு, உங்கள் டியூப் வால்வுக்குப் பொருந்துகிற சின்ன பம்ப், ஒட்டுப் போடும் பொட்டலம், ஒரு ஸ்பானர். மீதியை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மாற்றத் தோன்றினால், மலைக்குப் போக ஆசை வந்த பிறகு மாற்றுங்கள். யாரோ சொன்னார் என்று வேண்டாம்.

இனி அந்த 'டக்'. பழைய கறுப்பு வண்டி என்பதால் பெடல் கட்டையை அச்சோடு பிடித்து வைப்பது கோட்டர் பின் என்கிற ஆப்பு மாதிரியான இரும்பு முளையாகத்தான் இருக்கும். இடது பக்கத்துக் கோட்டர் பின் தளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக நிற்கும்படி வையுங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அவற்றின் மேல் எழுந்து நில்லுங்கள். இறங்கி, அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி நில்லுங்கள். இரண்டாவது தடவை ஒரு சின்ன அசைவு காலுக்குத் தெரிந்தால் அதேதான். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பின்னோடு அச்சும் தேய்ந்து, சின்னச் செலவில் முடிகிற வேலை பல நூறு ரூபாய் வேலையாகும். கடையில் நட்டை மட்டும் முறுக்கி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நட்டு பின்னைப் பிடித்து வைக்கத்தான், இழுத்து இறக்க இல்லை. கட்டைக்குக் கீழே கனமான இரும்பை முட்டுக் கொடுத்துப் புதுப் பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, அப்புறம் நட்டை முறுக்கச் சொல்லுங்கள். வலது, இடது பின்கள் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இறங்க வேண்டும். மாறினால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது ஒரு கால் நொண்டும். மூன்று நாள் ஓட்டிவிட்டு மறுபடி கடைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், புதுப் பின் முதல் ஐம்பது கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும். அதற்கப்புறமும் சத்தம் வந்தால், பெடலுக்குள் இருக்கும் பால்ஸை, அதாவது சின்ன இரும்புக் குண்டுகளை, பார்க்கச் சொல்லுங்கள்.